காத்துல சாஞ்ச வாழையும் மொறுமொறு பஜ்ஜியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருநெல்வேலி பத்தின எபிசோடுன்னு சொன்னதும் "அல்வாவா?"ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. அல்வாவைப் பத்தி ஊரே பேசிடுச்சு. இன்னைக்கு நம்ம விஷயம் பஜ்ஜி, பக்கோடா, வடை. அதுவும் கோடையில கிடைக்கிற காய்ல போடுறது.

போன மாசம் ஒருத்தர் மெசேஜ் பண்ணியிருந்தாங்க. "வீட்டுல பஜ்ஜி போட்டா சட்டியில இருந்து எடுக்கிறப்போ நல்லா இருக்கு, அஞ்சு நிமிஷத்துல தொளதொளன்னு ஆயிடுது. கடையில மட்டும் எப்படி மொறுமொறுன்னு நிக்குது? சோடா உப்புதான் ரகசியமா?" இதுதான் கேள்வி. சோடா உப்பு ரகசியம் இல்லைங்க. ரகசியம் தண்ணி. அதை நான் கத்துக்கிட்டது ஒரு மோசமான சித்திரை மாசத்துல. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க மாமாவுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல வாழை. பொதிகை மலையில பிறக்கிற தாமிரபரணி, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலின்னு வந்து, கடைசியில புன்னைக்காயல்ல கடல்ல சேருது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாண்டி ஏரல், குரும்பூர் பக்கம் போனீங்கன்னா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வாழைதான். பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சா கண்ணு குளிர்ந்துடும். ஆனா அந்தப் பச்சையைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது. சித்திரை, வைகாசியில அங்க எல்லார் வயித்துலயும் ஒரு புளி கரைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒண்ணு, அணையில தண்ணி இறங்கி வாய்க்கால்ல முறை வைக்கிற பயம். இன்னொண்ணு, காத்து.

கோடை மழை எப்படி வரும்னு தெரியும்ல? பகல் முழுக்க வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு மேல மேகம் கருக்கும். மழை விழுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் சூறைக்காத்து அடிக்கும். அந்தப் பத்து நிமிஷம் போதும். வாழையை நாம மரம்னு சொல்றோம், ஆனா அதுல மரமே கிடையாது. இலையோட மட்டைகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணா சுருட்டி நிக்கிற ஒரு தூண், அவ்வளவுதான். அதோட உச்சியில ஒரு தார் தொங்குனா தலைக்கனம் வந்துடும். அதனாலதான் கம்பு முட்டுக் கொடுக்கிறாங்க. பெரிய காத்துக்கு முன்னாடி கம்பும் சேர்ந்து சாயும்.

அந்த வருஷம் மாமாவோட வாழையில பாதிக்கு மேல ஒரே சாயங்காலத்துல படுத்துடுச்சு. அறுப்புக்கு இன்னும் ரெண்டு மாசம் இருந்தது. முத்தாத காய். வியாபாரி வந்து பார்த்துட்டு எதையும் தொடாம போயிட்டாரு. மாமா எங்க வீட்டுக்கு மூணு தார் கொண்டுவந்து திண்ணையில போட்டுட்டு, "மருமவனே, பஜ்ஜி போட்டுத் தின்னுங்க. வேற எதுக்கும் ஆகாது"ன்னு சொல்லிட்டு டீ கூட குடிக்காம கிளம்பிட்டாரு. எனக்கு அப்போ பதினாறு வயசு. லீவு. சமையல்ல அப்பத்தான் ஆர்வம் வந்திருந்த நேரம். நான் போடுறேன்னு கிளம்பினேன்.

கேவலமா வந்துச்சு. மேல்மாவு பிரிஞ்சு, உள்ள காய் கொழகொழன்னு, வாயில வச்சா துவர்ப்பு வேற. எண்ணெய் வடிஞ்சது. எங்க ஆச்சி வந்து ஒண்ணு எடுத்துக் கடிச்சுப் பார்த்துட்டு சொன்னாங்க: "எண்ணெய்ச் சட்டியில தண்ணியக் கொண்டுபோய் போடுத. பொறவு எப்பிடிலே மொறுமொறுன்னு வரும்?"

மாவுல தண்ணி ஜாஸ்தின்னு சொல்றாங்கன்னு நினைச்சேன். அவங்க சொன்னது காயைப் பத்தி.

வாழைக்காய் முத்த முத்தத்தான் அதுல மாவுச்சத்து ஏறும். பாதியில விழுந்த காய்ல மாவுச்சத்து கம்மி, தண்ணி ஜாஸ்தி, பாலும் துவர்ப்பும் ஜாஸ்தி. கடையில பஜ்ஜிக்குன்னு வாங்குற முத்தின மொந்தன் காய்க்கு எந்தப் பக்குவமும் பண்ணாம அப்படியே மாவுல முக்கிப் போட்டாலும் ஓரளவு வந்துடும். விழுந்த காய் அப்படி இல்லை. அதுக்கு வேலை பார்க்கணும்.

மறுநாள் ஆச்சி செஞ்சதைச் சொல்றேன். தோலை முழுக்கச் சீவலை, மேலோட்டமா சீவினாங்க. நீளவாக்குல மெலிசா நறுக்கினாங்க. ரொம்ப மெலிசு, ஒரு ரூபாய் காசு கனத்துக்குக் கொஞ்சம் கூட. நறுக்க நறுக்க, மஞ்சப்பொடியும் உப்பும் போட்ட மோர்த்தண்ணியில போட்டாங்க. பால் அதுல இறங்கிடும், காய் கருக்காது. மோர்ல இருக்கிற புளிப்பு, காய் கருக்கிறதைத் தள்ளிப்போடும். கால்மணி நேரம் கழிச்சு எடுத்து, பழைய வேட்டித் துணி ஒண்ணுல ஒவ்வொண்ணா பரப்பி வெயில்ல வச்சாங்க. காயப்போட இல்லை, மேல்தண்ணி வத்துறதுக்கு. சித்திரை வெயிலுக்கு இருபது நிமிஷம் போதும். துண்டோட ஓரம் லேசா சுருங்கினதும் எடுத்துட்டாங்க.

மாவு: ஒரு கப் கடலை மாவு, கால் கப் அரிசி மாவு, ஒரு ஸ்பூன் மிளகாத்தூள், பெருங்காயம், உப்பு. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விட்டு இட்லி மாவு பதம். கடைசியில ஒரு ஸ்பூன் காய்ஞ்ச எண்ணெய். ஒரு தடவைக்கு நாலு பஜ்ஜிக்கு மேல போட விடலை. அவ்வளவுதான். அது மொறுமொறுன்னு வந்துச்சு, துவர்ப்பு இல்லை, பத்து நிமிஷம் கழிச்சும் நின்னுச்சு.

இதுக்குப் பின்னாடி இருக்கிற விஷயத்தை நான் ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன். எண்ணெய்ல ஒரு காயைப் போட்டதும் சடசடன்னு குமிழ் வருது பாருங்க, அது எண்ணெய் கொதிக்கிறது இல்லை. எண்ணெய் 170, 180 டிகிரியில இருக்கு. தண்ணி 100 டிகிரியிலயே ஆவியாகும். காய்லயும் மாவுலயும் இருக்கிற தண்ணி ஆவியாகி வெளியே பாயுறதுதான் அந்தச் சத்தம். அந்த ஆவி வெளியே தள்ளிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எண்ணெய் உள்ள பெருசா புக முடியாது. தண்ணி போன இடம்தான் ஓடு மாதிரி இறுகுது. அந்த ஓடு உடையுற சத்தம்தான் மொறுமொறு.

அப்போ எண்ணெய் எப்போ உள்ள போகுது? பெரும்பகுதி, வெளியே எடுத்த பிறகு! சூடு ஆறும்போது உள்ள இருக்கிற ஆவி சுருங்குது. அது மேல ஒட்டியிருக்கிற எண்ணெயை உள்ள உறிஞ்சுது. அதனால சட்டிக்கு மேலயே ஜல்லிக்கரண்டியில ஒரு பத்து எண்ணுற வரைக்கும் வச்சு உதறி எடுக்கிறது வெட்டி வேலை இல்லை. சூட்டோட சூடா எண்ணெய் வடிஞ்சாத்தான் உண்டு.

அஞ்சு நிமிஷத்துல ஏன் தொளதொளன்னு ஆகுது? உள்ள காய்ல தண்ணி மிச்சம் இருக்கு. வெளிய ஓடு காஞ்சு கிடக்கு. ஈரம் உள்ளேயிருந்து வெளியே நகருது, ஓடு ஊறிடுது. கோடைக்காய் எல்லாமே பெரும்பாலும் தண்ணிதான். வெள்ளரிக்காய்ல 95 சதவீதம் தண்ணி. கத்தரிக்காய்ல 92. சுரைக்காயும் வெள்ளரிக்குக் குறைஞ்சது இல்லை. வெயிலுக்கு இதமா இருக்கிறதே அதனாலதான். சாப்பிட நல்லது, பொரிக்க எதிரி.

டீக்கடையில ஒரு வேலை பண்ணுவாங்க, கவனிச்சிருக்கீங்களா? மூணு மணிக்கே ஒரு ஈடு முக்காப் பதத்துல எடுத்து வச்சிடுவாங்க. நீங்க போய் கேட்டதும் மறுபடி எண்ணெய்ல ஒரு முக்கு. அது வெறும் சூடு பண்றது இல்லை. அந்த இடைவெளியில ஓட்டுக்கு நகர்ந்து வந்த ஈரத்தை ரெண்டாவது பொரிப்பு துரத்திடுது. கடை பஜ்ஜி நிக்கிறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். வீட்டுலயும் பண்ணலாம். முதல் தடவை மிதமான தீயில, ரெண்டாவது தடவை நல்ல சூட்டுல ஒரு நிமிஷம்.

சோடா உப்புக்கு வருவோம். அது காத்துக்குமிழ் உண்டாக்கும், பஜ்ஜி உப்பும், நிறமும் சீக்கிரம் சிவக்கும். ஒரு சிட்டிகை தப்பில்லை. ஆனா கூடிப்போச்சுன்னா மாவு முழுக்க ஓட்டை, எண்ணெய் எல்லாம் அந்த ஓட்டைக்குள்ள. கடிச்சா வாயில ஒரு சோப்பு ருசி. நான் போடுறதே இல்லை. அரிசி மாவு அந்த வேலையை இன்னும் சுத்தமா செய்யும்.

இப்போ மத்த காய்கள். சென்னையில கொத்தவரங்காய்னு சொல்ற காயை எங்க ஊர்ல சீனியவரைக்காய்னு சொல்லுவோம். பொரியல்னா பாதிப் பேர் முகம் சுளிப்பாங்க. அதை சரிவா, நீளமா, மெலிசா நறுக்கி பக்கோடா போட்டுப் பாருங்க. அதுல தண்ணி கம்மி, நார் ஜாஸ்தி, நல்லா முறுகும். கூட ஒரு பல்லாரி, அதாவது பெரிய வெங்காயம். ரெண்டையும் உப்பு போட்டுப் பிசிறிப் பத்து நிமிஷம் வைங்க. வெங்காயம் தண்ணி விடும். அந்தத் தண்ணியிலேயே கடலை மாவையும் அரிசி மாவையும் தூவிப் புரட்டுங்க. மாவு மூணு பங்குன்னா அரிசி மாவு ஒரு பங்கு. குழாய்த் தண்ணி ஒரு சொட்டு வேண்டாம், ரொம்ப வறண்டா கையால தெளிச்சுக்கலாம். காய்க்கு மேல மாவு தூசி மாதிரி ஒட்டியிருக்கணும். போர்வை மாதிரி மூடக் கூடாது.

கத்தரிக்காய்னா வட்டமா நறுக்கி, உப்பு தடவி, கால்மணி நேரம். மேல வியர்த்த மாதிரி முத்து முத்தா தண்ணி நிக்கும். துணியில ஒத்தி எடுத்துட்டு மாவுல முக்கணும். சுரைக்காயைத் துருவி, உப்பு போட்டு, பிழிஞ்சு, ஊற வச்சு கொரகொரன்னு அரைச்ச கடலைப் பருப்போட சேர்த்துத் தட்டினா வடை. பிழிஞ்ச தண்ணியை ரசத்துல ஊத்திடுங்க, கொட்டாதீங்க. ஆனா உப்பு அதுலயே இருக்கு, ரசத்துக்குத் தனியா போட்டுடாதீங்க, நான் போட்டிருக்கேன். வெள்ளரிக்காயைப் பொரிக்காதீங்க. அதை அப்படியே சாப்பிடுங்க, பாவம்.

வாழைப்பூ இருக்கே, அது தனி ராஜ்ஜியம். ஒவ்வொரு பூவுலயும் நடுவுல இருக்கிற விறைப்பான நரம்பையும், கண்ணாடி மாதிரி இருக்கிற சின்ன இதழையும் எடுத்துட்டு, பொடியா நறுக்கி மோர்த்தண்ணியில போட்டு, இறுக்கிப் பிழிஞ்சு, ஆமவடை மாவுல சேர்க்கணும். மத்த ஊர்ல மசால் வடைன்னு சொல்றதைத்தான் நாங்க ஆமவடைங்கிறோம். பருப்பை ஊற வச்சு, தண்ணியைச் சுத்தமா வடிச்சு, தண்ணி விடாம அரைக்கணும். இங்கேயும் அதே கதைதான், பார்த்தீங்களா?

இந்தக் கதையோட கடைசி எல்லை வத்தல். சீனியவரையை உப்புப் போட்டு அரைவேக்காடு வேக வச்சு, மூணு நாலு நாள் ஒடியுற வரைக்கும் காயவச்சா சீனியவரை வத்தல். மோர்மிளகாயை ராத்திரி மோர்ல ஊறப்போட்டு, பகல்ல வெயில்ல போட்டு, மோர் தீர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் பண்ணுவாங்க. மிதுக்கு வத்தல், சுண்டை வத்தல் எல்லாம் இதே வேலைதான். தண்ணியை எண்ணெய்ல வச்சுத் துரத்தாம, முன்கூட்டியே வெயில்ல துரத்திடுறது. அதனாலதான் வத்தல் பத்து செகண்ட்ல பொரியுது, டப்பாவுல போட்டு மூடி வச்சா மறுநாளும் மொறுமொறுன்னு இருக்கு. நெல்லையில கோடை வெயில் அவ்வளவு வறட்சி, மொட்டைமாடியில காலையில போட்டது சாயங்காலமே சலசலக்கும். நான் சென்னையில மே மாசம் முயற்சி பண்ணேன். கடல் காத்து ஈரம், நாலாவது நாளும் வளையுது. ஒடியலை. கடைசியில அடுப்புப் பக்கத்துல வச்சு ஒரு வழியா முடிச்சேன். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல இருக்கிறவங்க பஜ்ஜியையும் சீக்கிரம் சாப்பிட்டுடுங்க, உங்க காத்தே அதை ஊற வைக்கும்.

ஆறு கடல்ல சேர்ற இடம் புன்னைக்காயல்னு சொன்னேன்ல, அங்க ஒரு சுவாரசியம் இருக்கு. 16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் அங்க தங்கியிருந்தாங்க. அதே ஆட்கள் 1543-ல ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தாங்க. 1542-ல நம்ம முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், 1549-ல ஜப்பான்ல போய் இறங்கினாரு. ஜப்பான்காரங்களோட டெம்புரா, அதாவது மாவுல முக்கிப் பொரிச்ச காய், போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து வந்த பழக்கம்னு பொதுவா சொல்லுவாங்க. நம்ம பஜ்ஜிக்கும் அவங்களுக்கும் முடிச்சு போட நான் வரலை. ஆனா மாவுல போடுற மிளகாய் இந்தியாவுக்கு வந்தது அவங்க கப்பல்லதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விஷயம் இருக்கு. டெம்புராவுக்கு கோதுமை மாவு. அதைக் கலக்கக் கலக்கப் பசை மாதிரி இழுக்கும், ஓடு ரப்பர் ஆயிடும். அதனால ஐஸ் தண்ணி விட்டு, கட்டி கட்டியா இருக்கும்போதே கலக்குறதை நிறுத்திடுவாங்க. கடலை மாவுல அந்தப் பசை கிடையாது. நாம எவ்வளவு வேணா அடிக்கலாம். அவசரத்துக்கு மைதா கலக்குறவங்க இதை நினைவு வச்சுக்கோங்க.

எண்ணெய் பத்தி சுருக்கமா. பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினா அது கெட்டியாகி, நுரைச்சு, சீக்கிரமே புகைய ஆரம்பிக்கும். எவ்வளவு கெட்டுப்போனா தூக்கிப் போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளவு வச்சிருக்கு. துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 2018 ஜூலை 1-ல இருந்து இது விதி. வீட்டுல அளக்க முடியாது. அதனால சின்னச் சட்டியில கம்மியா ஊத்திப் பொரிங்க, மிச்சத்தை வடிகட்டி ரெண்டு நாள்ல தாளிக்கிறதுக்குத் தீர்த்துடுங்க. பஜ்ஜியை நியூஸ் பேப்பர்ல வைக்காதீங்க. மை ஒட்டும்னு அதே ஆணையம் 2023 செப்டம்பர்லயும் ஒருதடவை எச்சரிச்சாங்க. மை ஒரு பக்கம்னா, பேப்பர் மேல அடுக்கி வச்சா அடியில இருக்கிற பஜ்ஜி தன் ஆவியிலயே வெந்துடும். கம்பி வலைத்தட்டு இருந்தா அதுல பரப்புங்க, இல்லைன்னா இட்லித் தட்டைக் கவுத்துப் போட்டு அது மேல வைங்க. ஹாட் பாக்ஸ்ல போட்டு மூடுறவங்களை நான் ஒண்ணும் செய்ய முடியாது. டெலிவரியில வர்ற பக்கோடாவுக்கும் அதே கதிதான், மூடின டப்பாவுக்குள்ள அரைமணி நேரம் ஆவி பிடிச்சுட்டு வருது.

ஏர் ஃபிரையர்ல வருமான்னு கண்டிப்பா யாராவது கேட்பீங்க. முக்கிப் போடுற பஜ்ஜி வராது. மாவு இறுகுறதுக்கு முன்னாடி வடிஞ்சு கீழ போயிடும். சீனியவரை பக்கோடா மாதிரி உலர்ந்த புரட்டல்னா கொஞ்சம் எண்ணெய் தடவி முயற்சி பண்ணலாம். சுமாரா வரும். நான் மார்க் போட்டா பத்துக்கு அஞ்சு.

மாமா கதையை முடிச்சிடுறேன். அந்த மூணு தார்ல ஒரு வாரம் பஜ்ஜி, மிச்சத்தை வட்டமா சீவி உப்பு, மஞ்சள் போட்டு வத்தல். ஆச்சி அந்த வத்தல்ல ஒரு டப்பா நிறைச்சு மாமா வீட்டுக்கே கொடுத்துவிட்டாங்க. அந்தப் போகத்துல அவருக்குக் கைக்கு வந்தது அநேகமா அந்த டப்பாதான், அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. சாஞ்ச வாழையோட கிழங்கு மண்ணுக்குள்ள அப்படியே இருந்ததால பக்கக்கன்னு கிளம்புச்சு. அதையே மறுதாம்பா விட்டு வளர்த்தாரு. அடுத்த வருஷம் காத்து கொஞ்சம் கருணை காட்டுச்சு. நல்லா முத்தின தார் ஒண்ணை வெட்டி எடுத்துட்டு வந்து, இந்தத் தடவை உட்கார்ந்து டீயும் குடிச்சாரு.

அந்தக் காய்ல நான்தான் பஜ்ஜி போட்டேன். துணி, வெயில், மோர் எதுவும் இல்லாமலே பிரமாதமா வந்துச்சு. பெருமையா ஆச்சிகிட்ட நீட்டினேன். தின்னுட்டு, "முத்துன காய்லே இது. யாரு போட்டாலும் வரும்"னுட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்தாங்க.